சாரணர் படையை நடத்துவது யார்? வாசகர் கேள்வி – பதில்

இளையோரே தலைமை ஏற்று நடத்தும் சாரணர் படையைப் பற்றியும், ஆண்டு முழுவதும் வெளிப்புறச் செயல்பாடுகளைத் தொடர்வது பற்றியும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓராண்டாகச் சாரண ஆசிரியராக இருக்கிறேன். படையில் 24 பேர். வாரக் கூட்டத்தை மாணவர்களிடம் விட்டால் பாதி நேரம் கூச்சலிலேயே போய்விடுகிறது. நானே நடத்தினால் எல்லாம் ஒழுங்காக முடிகிறது. இளையோர் தலைமை என்பது பயிற்சி வகுப்பில் கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் அது இயலுமா?

பதில்: இயலும். ஆனால், 24 பேரை ஒரே கூட்டமாக உட்காரவைத்து, ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையை அவர்கள் முன்னால் நிறுத்தி, "இனி நீ நடத்து" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் ஒருநாளும் இயலாது. அத்தனை பேரைக் கட்டி மேய்ப்பது அனுபவம் உள்ள பெரியவருக்கே கடினமான வேலை.

சாரணர் இயக்கம் இதற்குத் தொடக்கத்திலேயே ஒரு வழி கண்டது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய சோதனை முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 20 சிறுவர்கள்தாம். அந்தச் சிறிய எண்ணிக்கையையும் அவர் ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்னும் நீர்ப்பறவை ஆகிய பெயர்களில் நான்கு அணிகளாகப் பிரித்தார். வசதியான பள்ளிகளில் படித்தவர்களும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் கலந்திருந்த அந்த அணிகள் ஒவ்வொன்றுக்கும் மூத்த சிறுவன் ஒருவன் தலைவனாக இருந்து, அணியின் நடத்தைக்குப் பொறுப்பேற்றான். இரவில் ஓர் அணி முறைவைத்துத் தன் உணவுப் பொருள்களை வாங்கிக்கொண்டு முகாமை விட்டுத் தள்ளிச் சென்று, தானே சமைத்து, காவலும் இருந்தது. இளையோர் தலைமை எதன்மேல் நிற்கிறது என்பது இதிலேயே இருக்கிறது: சிறு குழு, நிலையான தலைவர், உண்மையான பொறுப்பு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் எழுதிய கூச்சல்தான் மிஞ்சும்.

ஆகவே முதலில் உங்கள் 24 பேரை ஆறு பேர் கொண்ட நான்கு அணிகளாகவோ எட்டுப் பேர் கொண்ட மூன்று அணிகளாகவோ பிரியுங்கள். ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்களைப் பிரித்துப்போடாதீர்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஆட்களை மாற்றி மாற்றிக் கலைக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக நனைந்து, ஒருவர் மறந்த பொருளை இன்னொருவர் பகிர்ந்துகொண்ட பிறகுதான் அணி என்ற ஒன்று உருவாகும். அதன் பிறகு நீங்கள் பேச வேண்டியவர்கள் 24 பேர் இல்லை, நான்கு பேர். படைக்குச் சொல்ல வேண்டியதை அணித்தலைவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் அணிக்குச் சொல்லட்டும்.

அடுத்தது அணித்தலைவர் மன்றம். மாதம் ஒரு முறை அணித்தலைவர்கள் கூடி, அடுத்து எங்கே போவது, என்ன செய்வது, யார் எதற்குப் பொறுப்பு என்று முடிவெடுக்கும் இடம் அது. மூத்த அணித்தலைவர் ஒருவர் நடத்த, நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த முகாம் ஏரிக்கரையிலா மலையடிவாரத்திலா என்று பேச்சு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அணிகள் ஏரி என்கின்றன, இரண்டு அணிகள் மலை என்கின்றன. பேச்சு நின்றுபோகிறது. தலைமை ஏற்றிருக்கும் பிள்ளை மெல்லத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது. இந்த இடத்தில் நீங்கள் பதில் சொல்லிவிட்டால், இனி எல்லாக் கூட்டங்களிலும் எல்லாக் கேள்விகளுக்கும் அந்தப் பார்வை உங்களிடமே வந்து நிற்கும். பொறுத்திருங்கள். அரை நிமிடத்தில் யாராவது ஒருவர், "ஏரிப் பக்கம் குடிதண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்பார். இன்னொருவர், "மலைப் பக்கம் போனால் சின்னப் பிள்ளைகளுக்கு நடை அதிகமாகிவிடும்" என்பார். அங்கிருந்து பேச்சு உண்மையான காரணங்களுக்கு வந்துவிடும். எந்த இடத்தை முடிவுசெய்தாலும் அது அவர்களுடைய முடிவு. அதை நடத்திக்காட்ட அவர்களே முனைவார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு அணித்தலைவர்களுக்குப் பயிற்சி தராமல் விட்டால் பழி அவர்கள்மேல் விழும், குற்றம் நம்முடையதாக இருக்கும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போக வேண்டும். சனிக்கிழமை படைக்குச் சதுரக் கட்டு கற்றுத்தர வேண்டுமானால், அதற்கு முன்பே ஒரு மாலையில் அணித்தலைவர்களை மட்டும் அழைத்து, இரண்டு கம்புகளையும் கயிற்றையும் கொடுத்து, அவர்கள் தடுமாறாமல் கட்டும் வரை பழக்குங்கள். ஆண்டில் ஒரு முறையாவது அவர்களையே ஓர் அணியாக்கி, நீங்கள் அதன் அணித்தலைவராக இருந்து, ஒரு முகாமை முழுமையாக நடத்திக்காட்டுங்கள். நல்ல அணித்தலைவர் எப்படி வேலை பிரிப்பார், களைத்த பிள்ளையிடம் எப்படிப் பேசுவார் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேறு வாய்ப்பு இல்லை.

கூச்சல் சில மாதங்கள் இருக்கத்தான் செய்யும். கூட்டம் அமைதியாக இருந்ததா என்று பார்க்காதீர்கள். அணிகள் தாம் ஏற்ற வேலையை முடித்தனவா என்று பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய அணித்தலைவிக்குப் பதினைந்து. "முகாமைப் பிள்ளைகளே நடத்துவார்கள்" என்று ஆசிரியர் பெருமையாகச் சொல்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது?

பதில்: பொறுப்பு பெரியவர்களுடையது. அதில் எந்த இழுபறியும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் முகாமை நடத்துவார்கள் என்றால், எங்கே போவது, என்ன சமைப்பது, எந்த வேலையை யார் செய்வது, மாலையில் என்ன நிகழ்ச்சி என்பவற்றை அவர்கள் முடிவுசெய்வார்கள் என்று பொருள். உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து வரக்கூடிய எதையும் அவர்கள் தோளில் இறக்கிவைப்பது தலைமைப் பயிற்சி ஆகாது. நீரில் இறங்கலாமா, இடி மின்னலில் பயணத்தைத் தொடரலாமா, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதா என்பவற்றில் கடைசிச் சொல் பயிற்சி பெற்ற பெரியவருடையதே. ஒரு பிள்ளையைப் பிற பிள்ளைகள் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் அந்த நொடியே பெரியவர் தலையிட வேண்டும். அதை அணித்தலைவி பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதற்கில்லை.

பயத்தோடு காத்திருப்பதைவிட ஆசிரியரிடம் நேரில் கேட்பது நல்லது. முகாமில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா? பெரியவர் ஒருவர், பிறர் பார்வைக்கு அப்பால், ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதி கடைப்பிடிக்கப்படுகிறதா? பெரியவர்களின் கூடாரம் தனி என்பது உறுதியா? முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார்? என் மகளின் ஒவ்வாமை, அவள் உட்கொள்ளும் மருந்து பற்றிய குறிப்பு யார் கையில் இருக்கும்? அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும், வண்டி அங்கேயே நிற்குமா? நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல், எழுதிவைத்ததை எடுத்துக்காட்டிப் பதில் சொல்வார். மழுப்பலான பதில் வந்தால் பிள்ளையை அனுப்பாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இவற்றுக்கெல்லாம் சரியான பதில் கிடைத்த பிறகு, மகளை மனநிறைவோடு அனுப்பிவையுங்கள். அவளுடைய பையை மட்டும் நீங்கள் அடுக்கிக் கொடுக்காதீர்கள். அணித்தலைவி தந்த பட்டியலை வைத்துக்கொண்டு அவளே அடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் இருட்டில் டார்ச் விளக்கைத் தேடி அழாமல் இருக்கும்.

கேள்வி: நான் ஓர் அணித்தலைவன், வயது 14. என் அணியில் எல்லாரும் என் நண்பர்கள். அதனால் யாரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. போன முகாமில் எல்லாப் பாத்திரங்களையும் நானே கழுவினேன். பதவியை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: தம்பி, விட்டுவிடாதே. நண்பர்களை வேலை வாங்குவதுதான் தலைமையிலேயே கடினமான பகுதி. பெரியவர்களில் பலருக்கும் அது எளிதில் வருவதில்லை. உன் நண்பர்கள் உன்னை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. முகாமுக்குப் போன பிறகு, சாப்பிட்டு முடித்துக் களைப்பாகக் கிடக்கும் நேரத்தில், "யாராவது பாத்திரம் கழுவுங்கள்" என்று கேட்டிருப்பாய். "யாராவது" என்று கேட்டால் யாருமே எழுந்திருக்க மாட்டார்கள்.

முகாமுக்கு ஒரு வாரம் முன்பே அணியை உட்காரவைத்துப் பணிப்பட்டியல் ஒன்று எழுது. இடப்பக்கம் ஒவ்வொரு வேளையும் வரட்டும். மேலே தண்ணீர், அடுப்பு, சமையல், பாத்திரம் என்று வேலைகள் வரட்டும். யார் எந்தக் கட்டத்தில் என்பதை எல்லாரும் சேர்ந்து நிரப்புங்கள். ஒரு வேளை சமைத்தவருக்கு அதே வேளையில் பாத்திரம் கழுவும் வேலை விழக் கூடாது. உன் பெயரும் எல்லாருக்கும் சமமாக அதில் இருக்க வேண்டும், எல்லாருக்கும் பிடிக்காத வேலை ஒன்றில் முதல் முறையே இருக்க வேண்டும். அந்தத் தாளை முகாமில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் தொங்கவிடு. அதன் பிறகு நீ கத்த வேண்டிய தேவை குறைந்துவிடும். "தாளைப் பார், இப்போது உன் முறை" என்றால் போதும்.

அப்போதும் ஒருவன் செய்யவில்லை என்றால், அவன் வேலையை நீ செய்துவிடாதே. பாத்திரம் அப்படியே கிடக்கட்டும். அடுத்த வேளைச் சமையல் தாமதமாகும்போது கேள்வி கேட்பவர்கள் அணியில் மற்றவர்களாக இருப்பார்கள். அவனைத் தனியாக அழைத்து, மற்றவர்கள் காதில் விழாமல், என்ன தடை என்று கேள். சில நேரம் அவனுக்கு அந்த வேலை தெரியாமல் இருக்கும், சொல்ல வெட்கப்பட்டிருப்பான். எல்லார் முன்னாலும் திட்டினால் ஒரு நண்பனையும் இழப்பாய், ஓர் ஆளையும் இழப்பாய். துணை அணித்தலைவனிடம் பாதிப் பொறுப்பைக் கொடுக்கவும் மறக்காதே. இரண்டு முகாம்கள் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுது.

கேள்வி: எங்கள் படை ஆண்டுக்கு ஒரு முகாமோடு நின்றுவிடுகிறது. மழைக்காலம், கோடை, குளிர், தேர்வு என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் வெளியே போவது எப்படி?

பதில்: மாதந்தோறும் ஒரு வெளிப்புறச் செயல்பாடு என்பதை முதலில் எழுதாத சட்டமாக்கிக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு முறையும் முகாமாக இருக்க வேண்டியதில்லை. அரை நாள் நடைபயணம், நிலப்படமும் திசைகாட்டியும் வைத்து இடம் தேடும் போட்டி, வானத்தைப் பார்க்கும் ஓரிரவு, சைக்கிள் பயணம், தொட்டிச் செடி அளவு நிலத்தில் எத்தனை வகைப் பூச்சிகள் என்று குறிக்கும் காலை நேரம், எல்லாமே கணக்கில் சேரும். கூரைக்கு வெளியே, அணியாக, அவர்கள் திட்டமிட்டபடி நடந்தால் சரி.

ஆண்டுத் திட்டத்தை நீங்கள் எழுதி நீட்டாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை அணித்தலைவர் மன்றம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. அதற்கு முன் ஒவ்வோர் அணித்தலைவரும் தன் அணியிடம் கேட்டு, ஆசைப்பட்டியல் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அன்று சுவரில் 12 மாதங்களுக்குப் பன்னிரண்டு தாள்களை ஒட்டுங்கள். தேர்வுகள், பண்டிகைகள், பள்ளி விழாக்கள் எல்லாவற்றையும் முதலில் அவர்களே எழுதட்டும். பிறகு பருவத்தைப் பார்த்து நிகழ்ச்சிகளைப் பொருத்தட்டும். தேர்வு மாதத்தில் இரண்டு மணி நேர நடை ஒன்றை வைக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். அந்த மாதம் ஒன்றுமே வேண்டாம் என்று முடிவுகட்டும் பழக்கம் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்தே வருகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பொறுப்பு அணியும், வானிலை கெட்டால் செய்ய ஒரு மாற்று ஏற்பாடும் தாளிலேயே இருக்க வேண்டும். மாற்று ஏற்பாடு எழுதப்படாத நிகழ்ச்சிதான் கைவிடப்படுகிறது.

வானிலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தடை அங்கேதான் இருக்கிறது.

மழை தன்னளவில் ஆபத்தானது இல்லை. ஆயத்தம் இல்லாமல் நனைவதுதான் ஆபத்து. கூடாரத்தைத் தாழ்வான இடத்திலும், வறண்டு கிடக்கும் ஓடையிலும், பட்டுப்போன கிளைகளுக்கு அடியிலும் அடிக்கக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுப்பதைவிட, ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அணியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஊற்றிய நீர் அவர்கள் குறித்துவைத்திருந்த இடத்திலேயே போய்த் தேங்கும்போது, யாரும் சொல்லாமலேயே முளைகளைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு நகர்வார்கள். சமையலுக்கும் கூடி உட்காரவும் ஒரு பெரிய தார்ப்பாயைக் கூடாரங்களுக்கு முன்பே கட்டிவிட வேண்டும். இரவு உடுத்த ஒரு செட் துணி பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. மழைக்குப் பயந்து கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதை மட்டும் எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். தீப்பிடிப்பது ஒருபுறம் இருக்க, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உறங்கும் பிள்ளைகளின் உயிரையே எடுத்துவிடும்.

மின்னல் வேறு வகை. ஒளியைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். எண்ணிக்கை 30 விநாடிக்குள் வந்தால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; உடனே உறுதியான கட்டடத்துக்குள்ளோ உலோகக் கூரை உள்ள வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். தனி மரத்தின் அடியும் கூடாரமும் அடைக்கலம் ஆகா. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே வரலாம். இதற்கு வாக்கெடுப்பு கிடையாது.

கோடையில் நேரத்தை மாற்றினால் போதும். விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறும் முன் நடையை முடித்து, நண்பகலில் நிழலில் முடிச்சுகளும் முதலுதவியும் பழகி, மாலையில் மறுபடி வெளியே வரலாம். நடக்கும்போது ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும், கடும் வெயிலில் அதற்கு மேலும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அணித்தலைவரே நிறுத்திக் குடிக்கவைக்க வேண்டும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் உடனே நிழல், ஓய்வு, நீர். பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடலை நீரால் குளிர்வித்துக்கொண்டே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும்.

குளிரில் எதிரி ஈரம். நனைந்த பருத்தித் துணி உடலின் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே தடித்த சட்டையைவிட ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மெல்லிய உடைகள் நல்லவை. நடக்கும்போது வியர்க்காமல் கழற்றவும், நின்றவுடன் போட்டுக்கொள்ளவும் முடியும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. கால் தடுமாறுவதும் சொல் குழறுவதும் அதன் அடையாளங்கள். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை உடல் சூடேறாமலே நடுக்கம் நின்று சோர்ந்து உட்கார்ந்தால், சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நிலை மோசமாகிறது என்று பொருள்.

இந்த மூன்று பருவத்தையும் அணித்தலைவர்கள் கற்றுக்கொண்டுவிட்டால், வெளியே போக முடியாத மாதம் என்று ஒன்று அநேகமாக இருக்காது.

கேள்வி: அணித்தலைவரை வாக்கெடுத்துத் தேர்ந்தெடுப்பதா, ஆசிரியரே நியமிப்பதா?

பதில்: அணியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். நீங்கள் நியமித்தவர் உங்கள் ஆளாகப் பார்க்கப்படுவார். வாக்கெடுப்புக்கு முன் தகுதியை மட்டும் படை வரையறுக்கலாம்: குறைந்தது இத்தனை முகாம்களுக்கு வந்திருக்க வேண்டும், அடிப்படைத் திறன்களில் தேறியிருக்க வேண்டும் என்பது போல. பதவிக்காலம் ஆறு மாதமோ ஓராண்டோ இருக்கட்டும். அதிகம் சிரிக்கவைக்கும் பிள்ளைக்கு வாக்குப் போட்டுவிடுவார்களே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். ஒரு முறை போடுவார்கள். அந்தத் தலைவரின் கீழ் ஒரு மழை முகாமைக் கழித்த பிறகு, அடுத்த தேர்தலில் யார் அடுப்பு மூட்டத் தெரிந்தவர் என்று பார்ப்பார்கள். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட கலகலப்பான பிள்ளை எதிர்பாராமல் நல்ல தலைவராகிவிடுவதும் உண்டு.

கேள்வி: முகாமுக்கு உதவிக்கு வரும் பெற்றோர், பிள்ளைகளுக்கு முன்னால் பாய்ந்து கூடாரம் அடித்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் மனம் வருந்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். கை சும்மா இருக்கும் பெரியவர் பிள்ளையின் கையிலிருந்து சுத்தியலை வாங்கத்தான் செய்வார். பெரியவர்களையே ஓர் அணியாக்கி, தனி இடத்தில் தங்கவைத்து, தங்கள் கூடாரத்தைத் தாங்களே அடித்து, தங்கள் சமையலைத் தாங்களே செய்துகொள்ளச் சொல்லுங்கள். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில், ஆனால் பிள்ளைகளின் அடுப்பைச் சுற்றி நிற்க முடியாத தொலைவில் அந்த இடம் இருக்க வேண்டும். 1919இல் லண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் தலைவர்களுக்கான முதல் பயிற்சி முகாம் நடந்தபோது, வந்திருந்த பெரியவர்கள் அணிகளாகப் பிரிக்கப்பட்டு, சாரணர்களைப் போலவே முகாம் வாழ்க்கை நடத்திக் கற்றார்கள். அணியில் வாழ்ந்து பார்த்த பெரியவருக்கு, எப்போது தலையிடக் கூடாது என்பது எளிதில் புரிந்துவிடுகிறது.

பிள்ளைகள் வந்து உதவி கேட்டால் பெற்றோர் சொல்ல வேண்டியதையும் முன்பே பழக்குங்கள்: "உங்கள் அணித்தலைவரிடம் கேட்டாயா?" இந்த ஒரு கேள்வியை முகம் கோணாமல் கேட்கத் தெரிந்த பெற்றோர் ஒரு படைக்குப் பெரிய பலம். வண்டி ஏற்பாடு, இடத்துக்கு அனுமதி பெறுவது, கணக்கு, தேர்ச்சிப் பதிவேடு, முதலுதவி என்று பெரியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் நிறையவே இருக்கின்றன.

கேள்வி: புதிய படைக்குக் குறைந்தபட்சம் என்ன பொருள்கள் வாங்க வேண்டும்?

பதில்: அணிக்கு ஒரு தார்ப்பாய், போதிய கயிறு, ஒரு சமையல் பாத்திரத் தொகுப்பு, ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு திசைகாட்டி, தண்ணீர்க் கலன். கூடாரத்தை முதலாண்டில் இரவல் வாங்கலாம். எல்லாம் அணிவாரியாக, அணியின் பெயர் எழுதிய பெட்டியில் இருக்கட்டும். படைக்குப் பொதுவான பொருளை யாரும் துடைத்து வைப்பதில்லை. ஆளுக்கொரு விசிலும் டார்ச் விளக்கும் அவரவர் பொறுப்பு.

கேள்வி: அண்மையில் ஓர் அணி தானே திட்டமிட்ட நடைபயணத்தில் வழிதவறி, மூன்று மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் ஒரு பெற்றோர், இனிமேல் எல்லாவற்றையும் ஆசிரியரே திட்டமிட வேண்டும் என்கிறார். நான் விட்டுக்கொடுப்பதா?

பதில்: திட்டமிடுவதைத் திரும்பப் பறித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பெற்றோரின் கவலையைத் தள்ளிவிடவும் கூடாது. மூன்று மணி நேரம் பிள்ளை எங்கே என்று தெரியாமல் இருப்பது சிறிய விஷயம் இல்லை. தவறு எங்கே என்று அந்த அணியோடு உட்கார்ந்து பாருங்கள். "ஏன் வழிதவறினாய்?" என்று தொடங்கினால் அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார்கள். நிலப்படத்தை விரித்து, "இந்த இடத்தில் நின்றபோது என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், எந்தப் பிரிவில் யார் ஐயப்பட்டார், ஏன் அதைச் சொல்லாமல் விட்டார் என்பது தானாக வெளிவரும். அநேகமாக அணியில் ஒருவருக்கு அது தவறான பாதை என்று தெரிந்திருக்கும். வயதில் சிறியவர் என்பதால் வாய் திறந்திருக்க மாட்டார். அந்தப் பிள்ளை அடுத்த முறை பேசுவதற்கு அணித்தலைவர் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தப் பேச்சின் பயனாக இருக்கட்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது உரமான பெரியவர்களுக்கு வகுத்தது. முதுகில் பையோடு நடக்கும் பிள்ளைகளுக்கு மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அணியின் வேகம் அதன் மெதுவான ஆளின் வேகம்தான். உங்கள் அணி பெரியவர்களின் கணக்கைப் போட்டிருந்தால், மூன்று மணி நேரத்தில் பாதி அங்கேயே போயிருக்கும்.

இனி ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அணி ஒரு வழித்தட அட்டை எழுதித் தர வேண்டும்: ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கம், முடிவு, செல்லும் திசை, தொலைவு, ஏற்றம், ஆகும் நேரம், அவசரமாக வெளியேறும் வழி. அதைப் பார்த்துக் கேள்வி கேட்டு ஒப்புதல் தருவது உங்கள் வேலை, எழுதுவது அவர்கள் வேலை. வழியில் இரண்டு மூன்று இடங்களில் பெரியவர்கள் நின்று அணி கடந்ததைக் குறித்துக்கொள்ளட்டும். குறித்த நேரத்துக்குப் பின் எவ்வளவு நேரம் காத்திருந்து தேடத் தொடங்குவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வழி தெரியவில்லை என்று உணர்ந்த இடத்திலேயே நின்று, விசிலை மும்மூன்றாக ஊதிக் காத்திருப்பதையும் பழக்குங்கள்.

அடுத்த நடைபயணத்தையும் இதே அணிக்கே கொடுங்கள். கவலை தெரிவித்த பெற்றோரை ஒரு மாலைக் கூட்டத்துக்கு அழைத்து, என்ன நடந்தது, எதை மாற்றியிருக்கிறோம் என்பதை அணித்தலைவரே அவரிடம் விளக்கட்டும், நீங்கள் உடனிருங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் வழித்தட அட்டையின் நகலையும், கடக்கும் இடங்களில் நிற்கப்போகும் பெரியவர்களின் தொலைபேசி எண்களையும் எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிடுங்கள்.